பன்னிரண்டாவது விதை

மலேசியாவின் ஈப்போவில் என்னிடம் முதல் கேள்வி கேட்டவர் காப்பிக்கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன். "பசியாறிட்டீங்களா?" என்றார். நான் விழித்தேன். எங்கள் உறையூரில் "சாப்டாச்சா" என்பார்கள், பதில் வருவதற்குள் தாண்டிப் போயும் விடுவார்கள். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்று பெயராம். பசி அடங்குவதில்லை, தீர்வதில்லை, சூடான பால் மாதிரி மெல்ல ஆறுகிறது. நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. எட்டாவதோடு படிப்பு நின்றது. திருச்சியில் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாய்ப் போய் "என்ன சோப்பு போடுறீங்க" என்று கேட்டுத் திரிந்தவளை, தேர்தல் ஆய்வு நடத்திய சென்னைப் பேராசிரியர் ஒருவர் தம் வேலைக்கு இழுத்துக்கொண்டார். "ராஜாத்தி போனா கதவு திறக்கும்" என்று அவர் சொன்னதுதான் நான் வாங்கிய பட்டம். நோட்டின் முன்பக்கம் அவருக்கு: வீட்டு எண், பதில் எண். பின்பக்கம் எனக்கு: ஜனங்கள் வாயிலிருந்து விழுந்த நல்ல பேச்சுகள்.

அந்தப் பேராசிரியரிடம் படித்தவர் ஈப்போ டாக்டர் ரெஜினா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்து வாக்காளர்களிடம் ஓர் ஆய்வை டாக்டர் ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டு வாக்கியங்கள். "மேலே இருக்கிறவர்கள் நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை" என்று ஒன்று. "அரசியல்வாதியைவிடச் சாதாரண ஆள் ஒருவர் நமக்காக நன்றாகப் பேசுவார்" என்று ஒன்று. கடைசியாக, பன்னிரண்டாவது: "இந்த நாட்டின் முக்கியமான முடிவுகளை மக்களே எடுக்க வேண்டும்." ஒவ்வொன்றுக்கும் 'முழுக்கச் சரி'யில் தொடங்கி 'கொஞ்சமும் சரியில்லை' வரைக்கும் ஐந்து படி. கூட்டிப் பார்த்தால், ஒருவர் மனத்தில் 'நாம் நல்லவர்கள், மேலே இருப்பவர்கள்தான் கெட்டவர்கள்' என்ற எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமாம்.

"இதுக்குப் பாப்புலிஸம்னு பேரு" என்றார் டாக்டர்.

"நோயா?"

"காய்ச்சலா, கோபமா, நியாயமான்னு தெரியத்தானே அக்கா அளக்குறோம்."

அவருடைய பட்டண மாணவர்கள் புத்தகத் தமிழில் போய்க் கேட்டதில் தோட்டத்து ஜனங்கள் கைகட்டி எழுந்து நின்றுவிட்டார்களாம். அதனால் என்னை ஆறு வாரத்துக்குக் கடன் வாங்கியிருந்தார்.

என்னோடு வேலைக்கு விடப்பட்டவர் சவரிமுத்து. தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் பல வேலை பார்த்து, இப்போது டாக்டரின் ஆய்வுக்கு ஓடியாடுகிறவர். அந்தக் காப்பிக்கடையில் அவர்தான் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். கெட்டிப் பால் ஊற்றி, வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு காப்பி. கொதித்தது. நான் வழக்கம்போல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கேட்டு வாங்கி உயரத் தூக்கி ஆற்றினேன். பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?"

சவரி தயங்கினார். "'அந்தப் பொம்பள காப்பிய மெரட்டுது பாரு'ன்னு சொல்றாரு அக்கா."

நான் பெரியவரைப் பார்த்துத் தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். அவரும் தம் கோப்பையைத் தூக்கினார். வெளியே, கடைகளுக்கு மேலே, சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளையும் பச்சையுமாகச் செங்குத்தாக நின்றன. மலைக்கோட்டையைப் பார்த்துப் பழகிய கண் அங்கே உச்சியில் ஒரு பிள்ளையாரைத் தேடியது.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குக் கிளம்பினோம். ஆள் நிறைந்தால்தான் நகருகிற வாடகைக் கார். மரத்தடிகளை ஏற்றிய ஒரு லாரியின் பின்னாலேயே வெகுநேரம் ஊர்ந்துவிட்டு, செம்மண் பாதை பிரிகிற இடத்தில் டயர் வெடித்தது. ஓட்டிய மலாய்க்காரர் இறங்கி, சக்கரத்தைச் சுற்றி வந்து, மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இதுக்கு இங்கயே இருக்கணும்னு ஆசை போல" என்று சவரி மொழிபெயர்த்தார். நோட்டில் அதுவும் ஏறியது.

எங்களை ஏற்றிக்கொண்டது ஒரு ரப்பர்ப் பால் லாரி. பால் என்றதும் ஆவின் வண்டி மாதிரி நினைத்து ஏறிவிட்டேன். பால் உறையாமலிருக்க ஊற்றும் மருந்தின் நெடி கண்ணைப் பிழிந்தது. "இந்த வாசத்துல வளந்தவங்களுக்குச் சளியே புடிக்காது லா" என்றார் சவரி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்து. அந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒரு 'லா' தானாக ஒட்டிக்கொள்ளும். அவருடைய முகத்தில் அப்போது ஏதோ ஒன்று இளகியது. நான் வெளியே பார்த்தேன். பாதையின் ஒரு பக்கம் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக, வகிடு எடுத்த தலைபோல் நின்றன. மறுபக்கம் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். முழங்கால் உயரத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் கன்றுகள். தோட்டம் கைமாறிவிட்டதாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தால் ஆள் குறைவாகப் போதும். "அடுத்த வருசம் வந்தீங்கன்னா பாதி லயத்துல ஆளிருக்காது அக்கா. எல்லாம் ஈப்போ பேக்டரிக்குப் போயிடும்."

என்னைத் தங்கவைத்த வீடு காளியப்பன் – தாயம்மாள் வீடு. நீளமாக ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடு. கணவன் மனைவி இருவரும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள். தாயம்மாள் மெலிந்து உயர்ந்த பெண். பேசும்போது சொல்லுக்கு முன்னால் கை வரும்.

"உங்களுக்கு என்ன வயசு?" என்றேன். யாரை யார் அக்கா என்று கூப்பிடுவது என்று தீர்க்க வேண்டியிருந்தது.

"ஜப்பான்காரன் இருந்தப்போ பொறந்தேன். அவன் போனப்போ எனக்குப் பல்லு மொளைச்சிருந்துச்சாம்."

"அது என்ன வருஷம்?"

"பல்லு மொளைச்ச வருசம்."

கணக்குப் போட்டோம், ஒத்துவரவில்லை. கடைசியில் நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அக்கா என்றார். இரண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை.

அன்று நெத்திலிக் கருவாட்டை வறுத்து, மிளகாய்ச் சம்பல் அரைத்து, அவித்த மரவள்ளியோடு வைத்தார். காரம் காதுக்குள் போய்ச் சத்தமிட்டது. "ஊர்ல இத விடக் காரமா திம்பாங்கன்னு சொன்னாங்களே" என்றார் ஏமாற்றமாக. அவர் ஊர் என்றது எங்கள் நாட்டை. அவர் அதைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை ஊர் என்றும், பிறந்து வளர்ந்ததைத் தோட்டம் என்றும் சொல்கிறார்கள் என்று அன்றைக்கே குறித்துவைத்தேன்.

மறுநாள்தான் நான் தப்பு செய்தேன். எங்கே உட்கார்ந்து கேட்பது என்று பார்த்தபோது, லயத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு திறந்த இடம். பெஞ்சு இருந்தது. நிழலிருந்தது. வேலை முடிந்து எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். மேசை போட்டு, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டேன். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பெரியசாமி தாமாகவே வந்து, "நீங்க செரமப்படாதீங்கம்மா, பேர நான் கூப்புடுறேன்" என்றார். கணீரென்ற குரல். ஒவ்வொரு பெயராக விழ, ஒவ்வொருவராக வந்து எதிரே நின்றார்கள். உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார்கள். நான் படித்தேன்.

"மேலே இருக்கிறவர்கள் நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை."

"முழுக்கச் சரிங்கம்மா."

"மேலே இருக்கிறவர்கள் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்."

"முழுக்கச் சரிங்கம்மா."

திருச்சியில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று கதை சொல்வார்கள். இங்கே ஆளுக்கு ஐந்து நிமிடம். வேலை பறந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பட்டியல் முடிந்து தாள்களைக் கட்டும்போது தாயம்மாள் வந்து நின்றார். வேலைத் துணியை மாற்றி, தலை வாரி, பொட்டு வைத்திருந்தார்.

"என் பேரு இன்னும் கூப்புடலயே அக்கா?"

பட்டியலில் காளியப்பன் இருந்தார், தாயம்மாள் இல்லை. மண்டோர் சிரித்தார். "தாயி, நீ செவப்பு லா. இது நீலத்துக்கு மட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே இருந்தும் குடியுரிமை ஆகாதவர்களுக்குச் சிவப்பு. காளியப்பனுக்கு நீலம், பிள்ளைகள் மூவருக்கும் நீலம். தாயம்மாள் பிறந்தபோது பதிவு செய்ய ஆபீஸும் இல்லை, எழுத ஆளும் இல்லை. நீலம் கேட்டு மனு போட்டதற்கு, அவர் பிறந்ததைப் பார்த்த மருத்துவச்சியைச் சாட்சிக்குக் கூட்டி வரச் சொன்னார்களாம். மருத்துவச்சி இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் போகிற மாதிரி தாயம்மாள் பதிவு ஆபீஸுக்கும் போய்வருகிறார்.

"விதி அப்படி அக்கா. வாக்காளரை மட்டும்தான் கேக்கலாம்" என்றேன்.

"அதுசரி" என்றார். பொட்டைத் துடைக்கவில்லை. மாலை முழுதும் அந்தப் பொட்டோடுதான் அடுப்படியில் இருந்தார்.

தாள்களோடு ஈப்போவுக்குப் போனபோது டாக்டர் ரெஜினா ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டும் வேகம் கூடிக்கொண்டே போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, எல்லாரும் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லியிருக்காங்க. நாலாவதும் ஒம்பதாவதும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். ரெண்டுக்கும் முழுக்கச் சரி."

வேலை பறந்ததே என்று மகிழ்ந்தவள் நான்.

"இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தோட்டத்தையே ஆய்விலேர்ந்து எடுக்கணும். 'தோட்டத்து வாக்காளர்களை இந்த அளவுகோலால் அளக்க இயலவில்லை'ன்னு பக்கத்துக்கு அடியில ஒரு குறிப்பு. அவ்வளவுதான்." தாள்களைக் கட்டி ஓரமாக வைத்தார். "எங்கப்பா மருந்து ஊத்துன ஜனம். அடிக்குறிப்பாத்தான் போகணுமா?"

ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அன்று மத்தியானம் சவரி என்னைத் தேற்றுவதற்காகப் பெயர்பெற்ற ஒரு கடைக்கு அழைத்துப் போனார். குட்டையாய்க் கொழுத்த பயற்றுமுளை, வழுக்கிக்கொண்டு போகிற அரிசி நூடுல்ஸ். ஈப்போத் தண்ணீரில்தான் முளை இப்படிக் கொழுக்குமாம். தின்றேன். ருசி தெரிந்தது, மனம் ஒட்டவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரரிடமிருந்து தபாலும் வந்திருந்தது. எங்கள் சைக்கிள் கடை வியாபாரம், தண்ணீர்க் குழாய்த் தகராறு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் எழுதி, கடைசி வரியில், "நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, நன்றாகத்தான் இருப்பாய்" என்று முடித்திருந்தார். இத்தனை வருஷம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்று அந்த வரி குத்தியது. கேட்டுத்தான் வைத்தால் என்ன?

தோட்டத்துக்குத் திரும்பி, தாயம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். மரவள்ளி சீவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ எங்க ஒக்காந்து கேட்ட?"

"எதுத்தாப்புல, கூரைக்குக் கீழ."

"அது என்ன எடம்னு தெரியுமா? பெரட்டுக்களம். தெனம் விடியக்காலம் மண்டோரு தாளக் கையில வெச்சுக்கிட்டுப் பேரு கூப்புடுற எடம். பேரு கூப்புட்டா என்ன சொல்லுவோம்? வந்தேன், சரிங்க. ஒருக்கா ஒருத்தன் 'இல்ல'ன்னு சொன்னான். மறுநாளு அவனுக்குப் பால் நல்லா வர்ற மர நிரை போயிருச்சு. மேட்டுக் காட்டுல புல்லு வெட்டிக்கிட்டு இருந்தான். நீ அங்கயே ஒக்காந்து, அதே மண்டோர வெச்சுப் பேரும் கூப்புட்டு, சரியா இல்லையான்னா வேற என்னா வரும்?"

நாற்பது வருஷத்துப் பழக்கத்தின் வாசலில் மேசையைப் போட்டுவிட்டு, ஜனங்களின் மனத்தைக் கேட்டிருக்கிறேன்.

"அப்ப எப்படித்தான் கேக்குறது?"

"ஒன் மொகம் தெரியக்கூடாது. எங்க வாயும் தொறக்கக்கூடாது. அவ்வளவுதான் லா."

வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். வெட்டிச் சாய்த்த மரங்களிலிருந்து கழற்றிய மங்குகள் குவிந்து கிடந்தன. மரத்தின் கீறலிலிருந்து சொட்டும் பாலைப் பிடிக்கிற கிண்ணங்கள் அவை. உள்ளே பழைய பால் காய்ந்து தோலாக ஒட்டியிருந்தது. நாங்கள் நிற்கும்போதே தலைக்கு மேலே "பட்" என்று ஒரு சத்தம். வெயிலில் காய் வெடித்து விதை தெறித்தது. கோழி முட்டையைச் சின்னதாக்கிப் புள்ளி வைத்த மாதிரி, வழவழவென்று ஒரு விதை. அதை எடுத்து ஒரு மங்குவுக்குள் போட்டார் தாயம்மாள். டொக்.

"கேட்டுச்சா? நீ வெளிய இருந்து படி. நாங்க உள்ள போடுறோம்."

சவரி, மரத்தில் நம்பர் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டுக்கு அலைந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். ஒரு மாலை முழுக்க விதைகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினோம். காளியப்பனின் எட்டு எல்லாம் படுத்துத் தூங்கின. உள்ளறையில் ஐந்து மங்குகளை வரிசையாக வைத்து, எதிர்ச் சுவரில் ஒவ்வொன்றுக்கும் நேராகக் கரிக்கோடு போட்டோம்: நடுவிலிருந்து வலது பக்கம் 'சரி' ஏறிக்கொண்டே போகும், இடது பக்கம் 'சரியில்லை' ஏறிக்கொண்டே போகும். வாசலுக்குத் தாயம்மாளின் பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம்.

மறுநாள் ஒருவர் ஒருவராக வந்தார்கள். பெயர் கூப்பிடவில்லை. "அண்ணே, கொஞ்சம் வாங்க" என்று தாயம்மாள்தான் அழைத்தார். கையில் பன்னிரண்டு விதை. நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து படித்தேன். உள்ளே டொக். ஒருவர் போனபின், எந்த எண் எந்த மங்குவில் என்று தாளில் குறித்துவிட்டு விதைகளை அள்ளினேன். சில வாக்கியங்களுக்குச் சத்தம் உடனே வந்தது. சிலவற்றுக்கு மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கிழவர் உள்ளே தனியாகச் சிரித்தார். ஒரு பெண், "நெசமாவே யாருக்கும் தெரியாதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டாள். அந்த டொக் வேகமாக விழுந்தது.

மண்டோர் பெரியசாமி மேற்பார்வை பார்க்க வந்தார். "மண்டோரண்ணே, ஒங்க பேரும் பட்டியல்ல இருக்கு, உள்ள போங்க" என்று தாயம்மாள் விதையை நீட்டினார்.

"எனக்கெதுக்கு? நான் வாயாலயே சொல்லிருவேன்."

"ஒங்க வாயத்தான் தெனம் காலையில கேக்குறமே. ஒருக்கா கையும் பேசட்டும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போனார். எல்லாரையும்விட அதிக நேரம் உள்ளே இருந்தவர் அவர்தான். வெளியே வந்ததும் பீடி பற்றவைத்தார். யார் எதில் போட்டார்கள் என்று சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. நான் நினைத்த மங்குவில் அவருடைய விதைகள் விழவில்லை, அது மட்டும் சொல்லலாம்.

ஐந்து மங்குவிலும் விதை விழுந்தது. தாள்களைப் பார்த்த டாக்டர் ரெஜினா இந்த முறை மெதுவாகப் புரட்டினார். "சேத்துக்குறேன் அக்கா" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். எனக்குக் காப்பி தானே போட்டுக் கொடுத்தார். ஆற்றவே இல்லை, அப்படியே குடித்தேன்.

கடைசி நாள் தோட்டத்துக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். மத்தியானம். தாயம்மாள் மங்குகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என் வலது கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊர்ல ஓட்டு போட்டா இதுல மை வெப்பாங்களாமே. எங்க?"

"அது இடது கைல. அதுவும் போன எலெக்ஷன்ல வெச்சது. போயிடுச்சு."

"எத்தன நாளு இருக்கும்?"

"நகம் வளர்ற வரைக்கும்."

"நீ அழிக்கப் பாத்தியா?"

"பாத்தேன். சோப்பு, எலுமிச்சங்காய் எல்லாம் போட்டு."

"பைத்தியம்" என்றார். கையை விட்டார். ஐந்து மங்குகளையும் தாமே உள்ளே கொண்டுபோய்க் கரிக்கோடுகளுக்கு நேராக வைத்தார். டப்பாவிலிருந்து பன்னிரண்டு விதையைப் பொறுக்கி எடுத்தார். திரையை இழுத்துவிட்டார்.

"கேளு அக்கா."

"உங்க பேரு பட்டியல்ல..."

"தெரியும் லா. பட்டியலுக்காகவா கேக்கச் சொல்றேன்? இத்தன வயசுக்கு ஒருத்தரும் என்னக் கேட்டதில்ல. அதுக்குக் கேளு."

ஒரு புதுத் தாளை எடுத்தேன். வீட்டு எண் இருக்கும் இடத்தில் ஏதும் எழுதவில்லை. படிக்க ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்துக்கு நிதானமாக ஒரு டொக். இரண்டாவதற்கு அதே நிதானம். நாலாவதற்கும் ஒன்பதாவதற்கும் வேறு வேறு இடங்களிலிருந்து சத்தம் வந்தது. அந்த ஆறு வாரத்தில் அத்தனை கவனமாகப் பதில் சொன்ன ஒருவரை நான் பார்க்கவில்லை. பதினொன்று முடிந்தது.

"இந்த நாட்டின் முக்கியமான முடிவுகளை மக்களே எடுக்க வேண்டும்."

சத்தமில்லை. வெளியே ரப்பர்க் காய் வெடித்தது. காத்திருந்தேன்.

"அக்கா" என்றது உள்ளேயிருந்து குரல். "மக்கள்னா... அதுல நான் உண்டா?"

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பதில் சொல்கிறவர் அர்த்தம் கேட்டால் விளக்கக் கூடாது. விளக்கினால் நம் மனம் அவர் பதிலில் கலந்துவிடும். வாக்கியத்தை அப்படியே திரும்பப் படிக்க வேண்டும். பதினைந்து வருஷமாக நான் மீறாத விதி. திரும்பப் படித்தேன். "இந்த நாட்டின் முக்கியமான முடிவுகளை மக்களே எடுக்க வேண்டும்." என் குரல் எனக்கே மண்டோர் குரல்போல் கேட்டது.

சத்தமில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "உண்டு அக்கா. நீங்களும் உண்டு."

திரை விலகியது. தாயம்மாள் விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்திருக்கும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னா ஆச்சா? நீ ஊருக்குப் போறவ. இங்க உள்ளவங்கல்ல சொல்லணும்." என் உள்ளங்கையில் விதையை வைத்து விரல்களை மடக்கினார். "வெச்சிரு. நீலம் கெடைச்சதும் சவரிகிட்ட சொல்லி எழுதச் சொல்றேன், எந்த மங்குன்னு. நீ போட்டுரு."

"மங்கு அங்க ஏது?"

"அதையும் தூக்கிட்டுப் போ. இங்க இனிமே மரமா இருக்கு?"

துணிக்குள் சுற்றி ஐந்து மங்குகளும் என் பெட்டிக்குள் ஏறின. புறப்படும்போது, "வாரேன்னு சொல்லு, போறேன்னு சொல்லாத" என்றார். "வாரேன்" என்றேன். என்னை ஏற்றிய பால் லாரி திரும்பும் வரை கை அசைத்தார். அந்த நெடி இப்போது என் கண்ணைப் பிழியவில்லை. சவரிபோல் நானும் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன்.

வீடு வந்து சேர்ந்த அன்று என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து மங்குகளைத் தட்டிப் பார்த்தார். "பேரிங் பால்ஸ், நட்டு போட நல்லா இருக்கும்" என்றார். கடைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அலமாரியில் வரிசையாக வைத்தேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். கல்யாணமாகி அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காலம் பிடித்தது. கேட்டார். மங்குகளில் இன்றுவரை ஒரு நட்டு விழவில்லை.

டாக்டரின் புத்தகம் வந்தது. தோட்டத்து ஜனம் அதில் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. சவரியிடமிருந்து இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதில், தோட்டத்தில் மிச்ச மரத்தையும் வெட்டியாயிற்று, காளியப்பன் குடும்பம் ஈப்போவுக்குக் குடிவந்துவிட்டது, தாயம்மாள் ஒரு பேக்டரியில் கையுறைகளைத் தரம் பிரிக்கிறார் என்றிருந்தது. இரண்டாவதில் ஒரே சங்கதி: "மறுபடி மனு எழுதிக் கொடுத்திருக்காங்க. இன்னும் சிவப்புதான். விதை பத்திரமா இருக்கான்னு கேக்குறாங்க."

இருக்கிறது. பென்சில் டப்பாவில். வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பன்னிரண்டு கொஞ்சமும் உதிரவில்லை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே காய்ந்த பருப்பு அசையும் சத்தம் கேட்கும்.

அந்தத் தாளும் என்னிடம்தான். பதினோரு கட்டத்தில் எண் இருக்கிறது, பன்னிரண்டாவது காலி. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று எங்கள் கையேடு சொல்கிறது. தெரியாது என்றால் எட்டு, சொல்ல மறுத்தால் ஒன்பது. தாயம்மாள் தெரியாது என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவர் திரும்ப ஒன்று கேட்டார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. அதற்கு எங்கள் கையேட்டில் எண் கிடையாது.

போன தேர்தலில் எனக்கு மை வைத்தார்கள். நகம் வளர்ந்து அது தானாகப் போகும் வரை நான் அதை அழிக்கவில்லை.